தோவா வீட்டில் முதல் கால்

எங்கள் சந்து முனையில் ஒட்டரிசிச் சோறு விற்கும் தோவா அண்ணியிடம் வாய் கொடுத்து மீண்டவன் எவனும் கிடையாது. விடியும்போதே குட்டை ஸ்டூலைப் போட்டு, ஆவி போகாமல் மூங்கில் கூடையைப் பழைய போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோற்றின் மேல் வேகவைத்து உருட்டிய பாசிப்பருப்பு உருண்டையைச் சீவிப் போட்டு, பொரித்த வெங்காயத்தைத் தூவி, இலையில் மடித்துக் கொடுப்பாள். கொடுக்கும்போதே ஒரு குத்தல். "என்னடா, பொண்டாட்டி இன்னிக்கும் உன்னைப் பட்டினி போட்டுட்டாளா?" அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான். ஹனோயில் இதைவிட நல்ல சோறு விற்கிறவர்கள் இருக்கலாம். அதற்காக நான் யாரிடமும் சண்டைக்கு வரவில்லை.

போணி விஷயத்தில் மட்டும் அவளிடம் விளையாட முடியாது. முதலில் வந்தவன் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனானோ, தொலைந்தான். அவன் முதுகு மறைவதற்குள் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கூடையைச் சுற்றிக் காட்டி, அவன் போன திசையில் வீசுவாள். என்னையே எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறாள். "உன் கை விளங்காத கை, தாவ். யாராவது வாங்கட்டும், அப்புறமா வா."

தாவ் நான்தான். அதே முனையில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். அவள் புருஷன் கியெம் எனக்கு அண்ணன் மாதிரி. இளவயதில் அரசாங்கம் எங்கள் இரண்டு பேரையும் செக் நாட்டுக்குச் செருப்புத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியது. ஒரே அறை, இரண்டு பேருக்கும் ஒரே நல்ல கோட்டு, குளிரில் முறை வைத்துப் போட்டுக்கொள்வோம். தோவா அவருக்கு நிச்சயம் பண்ணி வைத்திருந்த பெண். அத்தனை வருஷமும் வேறு ஒருத்தனை ஏறெடுத்துப் பார்க்காமல் சோறு விற்றுக்கொண்டு காத்திருந்தாள். அவர் வந்தார், கல்யாணமும் நடந்தது, பிள்ளை மட்டும் பிறக்கவில்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான் அந்த வீடு. போன மழைக்காலத்தில் அவருக்குக் கண் மஞ்சளாயிற்று. ஈரல் என்றார்கள் டாக்டர்கள். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இவள் கூடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் இருக்கும்போதுதான் அந்த வெள்ளைக்கார ஜோடி வந்து சேர்ந்தது. ஊரே மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்கு ஓடுகிற நேரம். வண்டிக்கு வண்டி பின்னால் பண்டிகைக்குப் பூத்த பீச் மரக்கிளையும் செடித் தொட்டியுமாக ரோடு நெரிகிறது. இந்த இரண்டும் ஆளுயர மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒரு கால் வைப்பதும் எடுப்பதுமாக நிற்கிறார்கள். அந்தப் பெண் சொன்னாள், "என்னால முடியாது. நீ போ. நான் இங்கேயே நிக்கிறேன்." சொன்னது செக் மொழியில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருஷம் கழித்துக் காதில் விழுகிறது!

"நிக்காதீங்க, ஓடவும் ஓடாதீங்க," என்றேன் அதே மொழியில். "மெதுவா நடந்துகிட்டே இருங்க. வண்டிதான் ஒதுங்கிப் போகும்."

விளக்குக் கம்பம் பேசின மாதிரி என்னைப் பார்த்தார்கள். அவன் பெயர் ஓந்த்ரா, அவள் ரட்கா. முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். ஆளுக்கு ஒரு கை பிடித்து ரோட்டைக் கடக்க வைத்து, எங்கள் சந்திலேயே ஒரு விடுதியில் கொண்டு விட்டேன்.

பாவம், வரக்கூடாத நேரத்தில் வந்திருந்தார்கள். ஒவ்வொரு கடையாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தூறலில் ஏரியையே சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒருவன் அவர்கள் தலையில் இரண்டு கூம்புத் தொப்பியைக் கட்டிவிட்டான், கூடவே ஒரு ஓலை விசிறியையும். அந்தக் குளிரில் விசிறி! ஊர் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒரு படம்கூட எடுக்கவில்லை. இரண்டு பேர் உடுப்பும் முழுக்கக் கறுப்பு. அழுக்குத் தெரியாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தூக்கமும் வராது போல. விடியுமுன்னே கீழே வந்து தோவாவின் கூடைக்கு முன்னால் குந்திவிடுவார்கள். முதல் நாள் அவர்கள்தான் போணி. அன்றைக்குக் கூடை காலியானபோது பக்கத்துக் கடைக்காரி இன்னும் அடுப்புக்கூடப் பற்ற வைக்கவில்லை. மறுநாளும் அப்படியே.

"அந்த வெள்ளைக்காரி கை இருக்கே, தங்கக் கை தாவ்!" என்றாள் தோவா. "நீயும் இருக்கியே. உன் கை பட்டா தண்ணிகூட விக்காது."

மூன்றாம் நாள் மதியம் தலைதெறிக்க ஓடி வந்தாள். "டாக்டரே சொல்லிட்டாரு! வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு! பண்டிகையும் அதுவுமா! அந்தப் பொண்ணு கைராசிதான், வேற என்ன?"

ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உயிர் வீட்டிலேயே போகட்டும் என்று அனுப்புகிறார்கள். அவளுக்கு மட்டும் தெரியாதா? தெரியும். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதம். "நல்லது அண்ணி," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

கியெம் அண்ணனை என் வண்டியில்தான் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு வந்தோம். எடையே இல்லை. பின்னால் அவள் கட்டிப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த கவலை, புத்தாண்டுக் காலையில் வீட்டுக்குள் முதல் கால் யார் வைப்பது. அந்தக் கால் எப்படியோ அப்படித்தான் வருஷம் முழுக்க. ஒவ்வொரு வருஷமும் மரக்கடை விங் வருவார், வீடு அதிரச் சிரிப்பார், மூன்று பிள்ளை பெற்றவர். இந்த வருஷம் கால் வலி என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சாகக் கிடக்கிறவன் வீட்டில் வருஷத்தின் முதல் காலை வைத்துவிட்டு எவன் தன் கடையைத் திறப்பான்? அவள் சந்தில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோருக்கும் திடீரென்று ஒரு சாக்கு.

"கால் வலியாம் கால் வலி! அவன் நாக்கு அழுக!" என்று வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "இவனுங்க எவனும் வேண்டாம். அந்த ரெண்டு பேரையும் கூப்பிடு."

"அண்ணி, அவங்க வேற தேசம். அவங்களுக்கு நம்ம முறையெல்லாம் என்ன தெரியும்?"

"காலுக்குத் தேசம் உண்டா? புருஷன் பொண்டாட்டியா இருக்காங்க. பிள்ளை இருக்கான்னு கேளு. அப்புறம் அந்த இன்னொண்ணையும் கேளு."

அந்த இன்னொன்று, வீட்டில் இந்த வருஷம் துக்கம் உண்டா என்பது. துக்க வீட்டுக்காரர்கள் புத்தாண்டில் யார் வாசலையும் மிதிக்கக்கூடாது. ஆனால் அவளே அந்தச் சொல்லைச் சொல்லவில்லை பாருங்கள். பண்டிகை நேரத்தில் சாவு என்று நாங்கள் யாரும் வாயைத் திறக்கமாட்டோம், சொன்னாலே ஒட்டிக்கொள்ளும். நான் போய்ப் பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "ஒரு பையன். பேரு வீத்தேக்," என்றான் ஓந்த்ரா, குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டே. மற்றதைக் கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பையனா!" தோவாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வெறுங்கையோட வரக்கூடாது. அந்தப் பெரிய மூட்டையையும் நிறைச்சு எடுத்துட்டு வரச் சொல்லு. வீட்டுக்குள்ள நிறைஞ்சதுதான் வரணும்." ரட்காவுக்குத் தன் சிவப்புக் கம்பளிச் சட்டையையும் ஓந்த்ராவுக்கு அண்ணனுடைய பழுப்புச் சட்டையையும் கொடுத்தனுப்பினாள். கறுப்பில் வந்தால் ஆகாது.

புத்தாண்டு விடிந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை, ஊர் வாயடைத்துக் கிடந்தது. சந்தில் நிறுத்தி வைத்து இரண்டு பேருக்கும் வாழ்த்துச் சொல்லப் பழக்கினேன். ஓந்த்ரா மூட்டையோடு நுழைந்தான். பாதி நுழைந்தான். மிச்சம் நிலையில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் வரமுடியவில்லை, வெளியேயும் போகமுடியவில்லை. நான் பின்னாலிருந்து தள்ள, தோவா முன்னாலிருந்து இழுக்க, கட்டிலில் ஒரு சத்தம். கியெம் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! தோவா மூட்டையை விட்டுவிட்டு அவரைப் பார்த்து நின்றாள். "பார்த்தியா? பார்த்தியா தாவ்?"

பண்டிகைக்கென்று இலையில் கட்டி வேகவைத்த சதுர அரிசிக் கட்டியைப் பிரித்து நூலால் அறுத்துத் தட்டு தட்டாக வைத்தாள். அண்ணன் அவர்களோடு பழைய செக்கில் பேச ஆரம்பித்தார், தொழிற்சாலைக் கெட்ட வார்த்தை உட்பட. ரட்காகூட லேசாகச் சிரித்தாள். அப்போது தோவா உள்ளே போய் ஒரு சிவப்பு உறையை எடுத்து வந்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள். "பையனுக்கு. புத்தாண்டுக் காசு. நல்லா வளரட்டும்னு சொல்லு, தாவ்."

சொன்னேன். ரட்கா உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது.

"அவன் இல்லை," என்றாள். "அக்டோபர்ல போயிட்டான். வீட்டுப் பின்னாடி குளம். அஞ்சு வயசு. அந்த வீட்டுல இருக்க முடியலை, அதான் கிளம்பி வந்துட்டோம். இதை நான் எப்படி வாங்குவேன்?"

துக்கம் காய்வதற்குள், பெற்ற பிள்ளையைப் புதைத்த கையோடு, இந்த வீட்டின் முதல் கால்! எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணனைப் பார்த்தேன். என்னைவிட இதிலெல்லாம் நம்பிக்கை உள்ளவர் அவர். முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு எலும்பும் தோலுமான கையை நீட்டி ரட்காவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாங்கிக்கம்மா," என்றார் செக்கில், ரொம்ப மெதுவாக. "உன் துக்கத்தை நான் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா இங்க இப்ப அழாதே. என் பொண்டாட்டி பார்த்துட்டிருக்கா. அவளுக்காகக் கொஞ்சம் சிரி."

"என்னவாம்? ஏன் அழறா?" தோவா பதறினாள்.

"ஒண்ணுமில்லடி. பையனைப் பாட்டிகிட்ட விட்டுட்டு வந்திருக்காங்களாம். ஞாபகம் வந்துருச்சு," என்றார் அண்ணன் எங்கள் மொழியில்.

"அடி அசடே!" தோவா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். "பாட்டிகிட்டதானே இருக்கான்? இதுக்கா இந்த அழுகை? போனதும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கப் போறான். சாப்பிடு, சாப்பிடு." அவள் சொன்ன ஒரு சொல்லும் ரட்காவுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். கண்ணீர் அரிசிக் கட்டிமேல் சொட்டச் சொட்டச் சிரித்தாள். உறையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, சிகரெட் பிடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

பண்டிகை முடிந்து ரயில் ஓட ஆரம்பித்ததும் அவர்கள் தெற்கே போய்விட்டார்கள். அண்ணன் அதற்குப் பிறகு பத்து நாள் போல இருந்தார். தோவா ஊட்டுகிற கஞ்சியை விழுங்கப் பார்ப்பார், வெளியே வந்துவிடும். "இன்னிக்குத் தேவலை தோவா. நல்ல கால் வச்சாங்க," என்பார். அவள் சந்தெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளைப் பார்க்கப் போனேன். தலையில் துக்கத்துக்குக் கட்டின வெள்ளைத் துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். "எங்கே தப்புப் பண்ணினேன், தாவ்?" என்றாள். "பிள்ளையும் குட்டியுமா நல்லா இருக்கிற ஜோடிதானே வந்துச்சு? அப்போ தப்பு என்மேலதான். அன்னிக்குத் தரையில வெங்காயத் தோல் கிடந்துச்சு, தெரியாம கூட்டிட்டேன். புத்தாண்டுல கூட்டினா வீட்டு அதிர்ஷ்டமெல்லாம் வெளியே போயிடாதா? நான்தான் அவரைக் கூட்டி வெளியே தள்ளிட்டேன்." நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தேன், உதறிவிட்டு மறுபடியும் அடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நிறுத்துங்க அண்ணி! வெங்காயத் தோலாம்! அவங்க பிள்ளை அக்டோபர்லயே செத்துப்போச்சு. அதைச் சொல்லித்தான் அந்தப் பொண்ணு அழுதுச்சு. உங்ககிட்ட அண்ணன் மாத்திச் சொன்னாரு."

அவள் கை அப்படியே நின்றது. அந்த ஜோடியைத் திட்டுவாள், காகிதம் கொளுத்துவாள், என்னைச் செருப்பால் அடிப்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

"அப்போ அவருக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள்.

"தெரியும், அண்ணி."

"தெரிஞ்சும் தினமும் தேவலை, தேவலைன்னு சொன்னாரா? கஞ்சி குடிச்சாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்காகக் குடிச்சிருக்காரு." கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நம்பிட்டிருக்கோம்னுல்ல நினைச்சேன். நான் ஒருத்திதான் நம்பிட்டிருந்தேனா தாவ்?"