கன்னி விளக்கைக் கழுவியது

பழைய பொருள் சேர்க்கிறவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. தங்கள் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பொருளுக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

துறைமுகத்துச் சரக்குகளைக் கிளியர் செய்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் என் காலம் கழிந்தது. அடுத்தவர் பெட்டிகளையே பார்த்துப் பார்த்து, நமக்கென்று ஏதாவது சேர்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததோ என்னவோ. மில்லர்புரத்தில் வீடு கட்டியபோது மாடியில் ஓர் அறையை அதற்கென்றே ஒதுக்கினேன். ரங்கூனில் இருந்து திரும்பிய குடும்பம் ஒன்றின் அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டி, நீலப் பூப் போட்ட சீனத்துத் தட்டுகள், புன்னைக்காயலில் ஒரு வீட்டில் விறகோடு விறகாகக் கிடந்த சம்மனசு என்று சொல்கிற சிறகு ஒடிந்த மரத் தேவதூதன், பிறகு வெண்கலத்திலும் பித்தளையிலும் சின்னச் சின்னச் சாமிகள். "இந்த வீட்டுல ஆளவிட சாமிதான் சாஸ்தி. ஒரு சாமிக்காவது ஒரு முழம் பூ உண்டா?" என்பாள் என் மனைவி. பூ வைத்தால் ஈரம் படும், ஈரம் பட்டால் உலோகம் கெடும் என்று அவளுக்கு வகுப்பு எடுப்பேன். அவ்வளவு பெரிய மேதாவி நான்.

அலுவலகத்தில் என் எதிர் மேஜையில் ஒரு பெண் இருந்தார். கப்பலில் வரும் சரக்குகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. ஏரல் பக்கம் வயலும் வாழையுமாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு மகளோடு டவுனில் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"எங்க அண்ணன்மாரு ஊர்ல வீட்ட விக்காவ அண்ணாச்சி. கன்னிய என்ன செய்யன்னு தெரியல" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைக் கன்னி என்று அந்தக் குடும்பமே கும்பிடும். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பாவாடை எடுத்துப் படைப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் கன்னிக்கு ஓர் ஓலைப் பெட்டிதான் இருக்கும். இவர்கள் வீட்டிலோ விளக்கே இருந்தது. எந்தத் தலைமுறையிலோ ஒரு தகப்பன், செத்துப்போன மகளின் சாயலிலேயே, இரண்டு கையிலும் அகலை ஏந்தி நிற்கிற பெண்ணாக வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறான். முழங்கை உயரம் இருக்கும். அதைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடலாம் என்று அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார். இவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"வாடகை வீட்டுல அவள வைக்கக் கூடாது. வீட்டுக்காரன் காலி பண்ணுன்னு சொன்னா அவளையும் இடுப்புல வச்சிக்கிட்டுத் தெருத்தெருவா அலையணும். உங்க வீடு சொந்த வீடு. கொஞ்ச நாள் இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்குன்னு ஒரு கூரை வந்ததும் நானே வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

மறுநாள் ஒரு பழைய சேலையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் பஸ்ஸில் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்ததும் என்ன விலை சொல்லுகிறீர்கள் என்று கேட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன். அவர் அது காதில் விழாததுபோல் இருந்துவிட்டு, "வெள்ளிக்கிழம ஒரு சொட்டு நல்லெண்ண தொட்டு மேல தடவி வைங்க. வேற ஒண்ணும் அவ கேக்க மாட்டா" என்றார். சரி சரி என்று தலையாட்டினேன்.

தலையாட்டியதோடு சரி. தலைமுறை தலைமுறையாகத் தடவிய எண்ணெய் பிசுக்குப் பிடித்துக் கறுத்துப்போய் மேலே ஒரு தோல் மாதிரி இருந்தது. அதன் அடியில் என்ன வேலைப்பாடு இருக்கிறதோ என்று என் மனம் கிடந்து அரித்தது. மண்ணெண்ணெய், தின்னர், பஞ்சு, பல்குத்தும் குச்சி. மூன்று ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து சுரண்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் வெளியே வந்தாள். பின்னலின் ஒவ்வொரு பிரியும் தெரிந்தது. வயது பதினாலு இருக்கும். கீழுதடு கொஞ்சம் தடிப்பு, ஒரு காது மற்றதைவிடச் சற்று விலகியிருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவள்போல் இருந்தாள். என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றை நான் தொட்டதில்லை. கடைசியில் தின்னர் வாடை போக சோப்புப் போட்டுக் குழாயடியில் நன்றாகக் கழுவித் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். படம் எடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. அவள் இன்னொரு வீட்டுப் பெண் என்று ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை.

"நல்லா இருக்காளா?" என்று அவர் அலுவலகத்தில் அவ்வப்போது கேட்பார். "ராணி மாதிரி இருக்கா" என்பேன்.

முதல் புள்ளியைக் காதுக்குப் பின்னால் பார்த்தேன். வெளிறிய பச்சையில், விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. துடைத்தேன். பத்து நாளில் திரும்பவும் வந்தது. பிறகு கழுத்தில், மணிக்கட்டில், பாவாடை மடிப்பில். பயந்துபோய், அருங்காட்சியகங்களில் உலோகச் சிலைகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் படம் அனுப்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்தத் தண்ணியில கழுவினீங்க?"

எங்கள் வீட்டு போர் தண்ணீர். வாளியில் நின்றால் வெள்ளையாகப் படியும், குழாய் வருஷத்துக்கு ஒன்று அரித்துப்போகும். அந்த உப்பு உள்ளே இறங்கிவிட்டது, ஜன்னல் வழியாக வருகிற கடல் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது, அந்த எண்ணெய்த் தோல் இருந்திருந்தால் இரண்டும் அண்டியிருக்காது என்று அவர் பொறுமையாக விளக்கினார். என் மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தண்ணியில நான் பருப்பே போட மாட்டேன். சாமியப் போட்டியளே."

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதன் பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி அதில் மாதக் கணக்கில் ஊறவைத்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அலமாரி முழுக்க அடைத்தேன். அந்த அருங்காட்சியகக்காரர் சொன்ன மருந்தெல்லாம் தடவிப் பார்த்தேன். அரிப்பு நின்றதுபோல் இருக்கும், அடுத்த மழைக்காலத்தில் இன்னும் ஆழமாகக் கிளம்பும். ஒரு நாள் காலையில் அலமாரியைத் திறந்தபோது அகலை ஏந்திய கைகள் இரண்டும் மணிக்கட்டோடு ஒடிந்து கீழே கிடந்தன. அன்று நான் அழுதேன். அவளுக்காக அழுதேனா, பிடிபடப் போகிறோமே என்று அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

இதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். விளக்கைக் கொடுத்த அந்தப் பெண் போன் செய்தால் எடுக்க மாட்டேன். எடுத்தால் நெட்வொர்க் சரியில்லை என்பேன்.

போன சித்திரையில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். கையில் தாம்பாளம், பழம், அழைப்பிதழ். முத்தையாபுரம் தாண்டி இரண்டு அறையில் வீடு கட்டி முடித்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு.

"மொதல்ல அவளத்தான் உள்ள கூட்டிட்டுப் போகணும் அண்ணாச்சி. அதுக்குப் பொறவுதான் நாங்க வலது கால் எடுத்து வைக்கணும்."

பையில் இருந்து ஒரு பட்டுப் பாவாடையை எடுத்துக் காட்டினார். பச்சையில் அரக்குக் கரை, ஒரு சாண் நீளம். மகள் தைத்ததாம். விளக்கின் அளவை அத்தனை வருஷம் ஞாபகத்தில் வைத்திருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

திருட்டுப் போய்விட்டது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்குக் கூட்டிப்போய் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.

பஞ்சின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே கரையான் அரித்த மரம் மாதிரி ஓட்டையாக இருந்தது. பாதங்கள் பொடியாகிவிட்டிருந்தன. தலை மட்டும் கெட்டியான வார்ப்பு, கழுத்தோடு முறிந்து தனியே கிடந்தது. காதுக்குப் பின்னால் மட்டும் பச்சை, மற்றபடி முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. விரலால் தோளைத் தொட்டுப் பார்த்தார். பச்சை மாவு விரலில் ஒட்டியது.

"இவளுக்கு நோவு வந்தத எங்கிட்ட ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்றார். "சொல்லியிருந்தா வந்து பாத்திருப்பேம்லா."

நான் கெடுத்ததைவிட, கெட்டுக்கொண்டிருந்தபோது அவளை அவள் வீட்டு ஆட்களுக்குக் காட்டாமல் பூட்டி வைத்திருந்ததுதான் பெரிய பாவம் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. எத்தனையோ வருஷம் படித்தும் சேர்த்தும் எனக்கு வராத புத்தி அது.

அவர் பட்டுப் பாவாடையைத் தரையில் விரித்து ஒவ்வொரு துண்டாக எடுத்து அதில் வைத்தார். பொடியைக்கூட விடாமல் உள்ளங்கையால் கூட்டி அள்ளினார். "பின்னமானத வீட்டுக்குள்ள ஏத்த முடியாது. ஏரல்ல ஆத்துல விட்டுருதேன். பொறந்த எடத்துக்குப் போகட்டும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல். கடைசியாகத் தலையைக் கையில் எடுத்தார்.

அப்போது என் வாயில் இருந்து ஒரு சொல் வந்தது. இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

"தங்கச்சி, முகம் நல்லாத்தான இருக்கு. அது மட்டும் இங்கன இருக்கட்டுமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தெருவில் விழுந்து கிடக்கிற குடிகாரனைப் பார்த்தால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"இன்னுமா அண்ணாச்சி?"

தலையை மற்ற துண்டுகளோடு வைத்து மூட்டையை முடிந்தார். அழைப்பிதழைத் திரும்ப எடுக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. என் மனைவி வாசல் வரை போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் மாடி ஜன்னலில் நின்றேன். அவர் தெரு முனை திரும்பும் வரை என் கண் அவர் மேல் இல்லை. அவர் இடுப்பில் இருந்த மூட்டையின் மேல்தான் இருந்தது.