பவுடர் இல்லாத படம்

என் தங்கச்சி நாலு எட்டு நடந்தால் போதும், தெருவென்று பாராமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். மூச்சு சீரானதும் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல என் கையைப் பிடித்துக்கொள்வாள். விளையாட்டு என்றுதான் வெகுநாள் நினைத்தோம். பிறகு அவள் உதடும் நகமும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாற ஆரம்பித்தன. மெட்ராஸில் பார்த்த டாக்டர், இதயத்தில் ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு யூனிட்டில் அப்பா அச்சில் மண்கூழ் ஊற்றும் வேலையில் இருந்தார். அந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷனைப் பற்றிப் பேசக்கூட முடியாது.

ஊர் கொடுத்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். யூனிட்டில் கூட வேலை செய்தவர்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். பெண்ணாடத்து மாமா கரும்புப் பணம் வந்த கையோடு பஸ் ஏறி வந்து அம்மா கையில் வைத்தார். ஆனால் எங்கள் ஊரில் கொடுப்பது என்றால் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, குழந்தையைப் பக்கத்தில் அழைத்து நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுக் கொடுப்பது. கொடுத்த பிறகும் கண் நம் வீட்டின் மேலேயே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆசையாகக் கெண்டை மீன் வாங்கி வந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்றே கேட்டாள்.

"என்னா, மீன் வாசன தூக்குது? ஆபரேஷனுக்குக் காசு சேந்துடுச்சா?"

அம்மா குழம்பை இறக்கிவைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதன்பின் தங்கச்சிக்கு ஒரு ரிப்பன் வாங்கவும் அம்மா யோசித்தாள். அந்தப் பெரியம்மாவை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

சேர்ந்தது போதவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரி மூலமாக ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள் வீடு தேடி வந்தார். வெளிநாட்டில் யாராவது மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்வார்கள், குழந்தையின் படம் ஒன்று மட்டும் அனுப்பவேண்டும் என்றார்.

"நம்மளப் பாத்ததே இல்லியே, எதுக்குங்க குடுக்குறாங்க?" என்று அம்மா கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தங்கச்சியின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டார். முகம் தெரியாதவர்கள் எங்கள் மீன் குழம்பை மோப்பம் பிடிக்க மாட்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

படம் எடுக்க அம்மா பெரிய ஏற்பாடே செய்தாள். பட்டுப்பாவாடை கட்டி, வீட்டுக்கார அம்மாவிடம் இரவல் வாங்கிய சங்கிலியைப் போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்தாள். நீலம் தெரியாமலிருக்க முகத்தில் பவுடரை அப்பி, உதட்டில் குங்குமத்தைக் குழைத்துத் தடவினாள். நாலு பேர் பார்க்கிற படத்தில் பிள்ளையை நோயாளியாகக் காட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஸ்டுடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் தங்கச்சி ராணி மாதிரி நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் படத்தோடு நிறுவனத்து ஆள் திரும்பி வந்தார்.

"இதை அனுப்ப முடியாதும்மா. வசதியான வீட்டுக் குழந்தை மாதிரி இருக்கு. நோய் இருக்குன்னே தெரியலை. பாக்குறவங்களுக்கு மனசு இரங்கணும் இல்லையா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அத்தனை அவமானப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவரே கேமரா கொண்டுவந்திருந்தார். தங்கச்சியின் முகத்தைக் கழுவச் சொல்லி, வீட்டில் போடும் பழைய கவுனோடு வாசலில் நிறுத்தினார். மூச்சு வாங்கும்போது உட்காருவாளாமே, அப்படி உட்காரச் சொல்லுங்கள் என்றார். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப மூச்சு வாங்கலியே அக்கா. எதுக்கு உக்காரணும்?"

"உக்காரு பாப்பா, ஒரே ஒரு நிமிஷம்" என்று அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் படம் போய்ப் பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. குளிர் நாடு ஒன்றில் ஒரு தம்பதி ஒப்புக்கொண்டார்களாம். கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஊர் சுற்றிப் பார்க்கச் சேர்த்துவைத்திருந்ததைக் கொடுக்கிறார்கள் என்று நிறுவனத்து ஆள் சொன்னபோது அப்பா நம்பவில்லை. வெளிநாட்டில் காசு மரத்தில் காய்க்கிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"பஸ்ஸு ஓட்டுறவரா? நம்மள மாதிரிதானா அவங்களும்?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்றிலிருந்து அவர்களை அடுத்த தெருவில் இருப்பவர்கள் போலவே பேச ஆரம்பித்தாள். அங்கே இப்போது பனி பெய்யுமோ, அந்த அம்மாவுக்கு இருமல் கிருமல் வருமோ என்றெல்லாம் கவலைப்பட்டாள். தை பிறந்ததும் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

மார்கழியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கச்சிக்கு மூச்சு முட்டியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எப்போதும்போல எழுந்துவிடுவாள் என்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன். அவள் எழவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டது எதிர்வீட்டுப் பெரியம்மாதான். எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து, அம்மாவுக்குப் பிசைந்து ஊட்டியதும் அவள்தான். பஸ் ஓட்டும் அந்த மனிதரால் இதைச் செய்திருக்க முடியாது. அவர் கொடுக்க முன்வந்ததை எங்கள் தெருவே சேர்ந்தாலும் கொடுத்திருக்க முடியாது. உள்ளூர்க்காரன் கொடுப்பது உசத்தியா, கடல் கடந்து வருவது உசத்தியா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். எங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. படம் சரியில்லை என்று போன மாதங்களைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தை மாதக் கடைசியில் நிறுவனத்து ஆள் வந்தார். அம்மா கொடுத்த டீயைத் தொடாமல் தள்ளிவைத்தார்.

"பணத்தைத் திரும்ப வாங்க அந்தத் தம்பதி மறுத்துட்டாங்க. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பெண் குழந்தைக்கு இதே நோய். ஆனா உங்க குழந்தைக்குன்னு கொடுத்தது, நீங்க ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் இன்னொருத்தருக்குக் கொடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

கொடுத்தவர்கள் எங்களிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளயப் படம் எடுத்துட்டீங்களா சார்?"

"இல்லம்மா. நாளைக்குத்தான் போறேன்."

"எடுக்காதீங்க சார்" என்றாள் அம்மா. "அதான் எங்க புள்ளயப் பாத்துட்டாங்களே. சீக்கிரமா பண்ணச் சொல்லுங்க."