தலைவர் வீட்டு வேலி

நம்முடைய உதைபந்தாட்டக் கழகத்தின் பெண்கள் அணி வரும் கோடையில் மாகாணத்தின் மேல் பிரிவில் விளையாடப் போகிறது. செயின்ட்-மிஷேல் மைதானத்தில் மழையிலும் வெயிலிலும் நின்று பார்த்தவன் நான். என் பேத்திதான் கோல் காப்பவள். பின்வரிசைப் பிள்ளைகளை அவள் பிரெஞ்சில் ஏசும் சத்தம் மெட்ரோ வாசல் வரை கேட்கும். முடிவு வந்த அன்று எழுபது தாண்டிய இந்தக் கிழவன் வீட்டுப் படியில் பனிக்குள் நின்று தனியே கைதட்டினான்.

செயலாளர் தொலைபேசியில், "ஐயா, கழக மலருக்கு வாழ்த்து ஒண்டு எழுதித் தாங்கோ. பழைய கதையளுக்குள்ளை மட்டும் போகாதேங்கோ, பெடியள் வாசிக்காதுகள்" என்றார். அவர் மன்னிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில், ஊரில் இருந்த நம் தாய்க் கழகம் மேல் பிரிவுக்கு ஒரு வருடம் பிந்திப் போனது மூத்தவர்களுக்குத் தெரியும். இங்கே லவாலில் நடந்த ஒன்றுகூடலில் இந்த வருடமும் ஒருவர், "தலைவற்ரை வேலி மறிச்ச கோல்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கழகத் தலைவர் என் அப்பா. மறித்தது அவர் அல்ல, நான்.

எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்தில் வேலி வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நடக்கும். மைதானத்தின் வடக்குக் கோல் கம்பங்களுக்குப் பின்னால் எங்கள் வீட்டு வளவு. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் வேலிக்கு நட்ட எங்கள் பூவரசங்கதியால்கள் ஒரு சாண் மைதானத்துப் பக்கம் போய் வேர்விட்டன. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். இந்தக் கணக்கை மட்டும் அவர் பார்த்ததில்லை.

அந்த வருடம் கழகம் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அணித்தலைவர். மைதானத்தின் அளவு சரியென்றால் மேல் பிரிவில் சேர்ப்பதாக லீக் கடிதம் எழுதியது. அளந்து பார்த்தார்கள். நீளத்தில் எட்டடி காணாது.

மாமா எங்கள் முற்றத்துக்கு வந்தார். பின்னால் அரைவாசி ஊர்.

"அத்தான், எட்டடிதானே. கொஞ்சம் உள்ளுக்கை எடுங்கோவன்."

"ஒரு கதியால் அசையாது. என்ரை பிரேதம் போனாப் பிறகு பிடுங்கு."

"அவ்வளவு காலம் ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது? லீக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகினம்."

ஊர் சிரித்தது. அப்பா உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை அவர் குடையை எடுத்துக்கொண்டு, டவுனில் அலுவல், பின்னேரம்தான் வருவேன் என்று ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அவர் தலை மறைந்ததும் மாமாவும் அணியும் அலவாங்குகளோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் வேலி எட்டடி உள்ளே வந்துவிட்டது. அம்மா தடுக்கவில்லை. பெரிய கேத்திலில் தேத்தண்ணி வைத்துக்கொடுத்தார். வேலியை மறைக்கப் புதுக் கிடுகு முந்தின கிழமையே வந்து இறங்கியிருந்தது. வேலி அடைக்கும் காலத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. இதையெல்லாம் கண்ணால் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஐம்பது வயதானபோது, இங்கே எங்கள் சமையலறையில் வைத்துத்தான் அம்மா சொன்னார்.

"அப்பா அண்டைக்கு டவுனுக்கே போகேல்லையடா. அடுத்த ஊர் வாசிகசாலையிலை இருந்து பின்னேரம் வரைக்கும் பேப்பர் வாசிச்சவர். தான் வீட்டிலை நிண்டா ஓம் எண்டு சொல்லவேணும், அதுக்குத் தனக்கு வாய் வராது எண்டவர். கிடுகும் அவர்தான் எடுப்பிச்சது."

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அப்பா வந்தார், வேலியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தார். துக்கத்தில் வாயடைத்துப்போனார் என்று நான் நினைத்தேன். மாமா களவெடுத்துவிட்டார், கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீக்கிலிருந்து இரண்டு பேர் நாடாவோடு வந்து அளந்தார்கள். நீளம் சரி. மாமாவின் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது. அப்போது ஒருவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் புதுமண் மூடிய குழிகளைக் கண்டு, வேலியடியில் நின்ற என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்த வேலி எப்பவும் இதிலைதானோ?"

"இல்லை ஐயா. நேற்று அப்பா இல்லாத நேரம் மாமா ஆக்கள் பிடுங்கி உள்ளுக்கை நட்டவை. இது எங்கடை காணி."

காணிப் பிணக்கு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். சேர்க்கை ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அடுத்த வருடம் கழகம் மேலே போனபோது மாமா அணியில் இல்லை. வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போயிருந்தார். அவர் ஒருநாளும் மேல் பிரிவில் பந்தைத் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அப்பாவிடம் நானே பெருமையோடு சொன்னேன்.

"அவை எழுதிப்போட்டினமோ?"

"ஓம் அப்பா."

"சரி. இனி இதை ஒருத்தருக்கும் சொல்லாதை."

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை கழகக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருத்தினார். மாமா எழும்பி, "சின்னப் பெடிக்கு இதெல்லாம் ஆர் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா எழுந்தார்.

"நான்தான் சொல்லிக்குடுத்தனான்."

"அத்தான், நீங்களோ?"

"ஓம்."

கழகத்துப் பெட்டியின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது அப்பாவின் செத்தவீட்டுக்குத்தான்.

அவ்வளவு பேருக்கு முன்னால் எங்கள் வேலிக்காகத் தனியாளாய் எழுந்து நின்றாரே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவர் விரலைப் பிடித்தபடி ஒழுங்கை முழுக்க நடந்தேன்.