தொகிகோவின் மழை

ஹிசாவோவின் ஓட்டுநர் உரிமத்தில் தங்க நிறப் பட்டை உண்டு. வருடக்கணக்காக ஒரு தப்பும் செய்யாமல் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். ஹிசாவோ உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஒரு தப்பும் செய்ததில்லை. வண்டியைத் தொட்டிருந்தால்தானே தப்புச் செய்ய? தகாஓகா ஊரில் இந்த மாதிரி, உரிமம் காகிதத்தில் மட்டும் இருக்கும் ‘காகித டிரைவர்கள்’ தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் கார் ஓட்டுவதைப் பற்றி எழுதிச் சோறு தின்ற காகித டிரைவர் இவர் ஒருவர்தான்.

பத்தொன்பது வருடமாக ஒரு வீடியோ கேம் பத்திரிகையில் ‘இரண்டு ஸ்டியரிங்’ என்று மாதப் பத்தி எழுதினார். இரண்டு கார் பந்தய விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, எது நிஜ வண்டி மாதிரி ஓடுகிறது, எது பொம்மை மாதிரி ஓடுகிறது என்று பிரித்துச் சொல்வது வேலை. ஒன்றில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போய் வளைவில் திருப்பினாலும் கார் அலட்டிக்கொள்ளாது. இன்னொன்றில் டயர் சூடாவதற்குள் கொஞ்சம் அழுத்தினால் முதல் வளைவிலேயே புல்லில் கிடப்போம். இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஹிசாவோவோ, ‘நிஜத்தில் பிரேக் பிடித்தால் முதலில் வயிற்றில் தெரியும், இந்த விளையாட்டில் கண்ணில்தான் தெரிகிறது’ என்று எழுதுவார். மனிதர் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருப்பாரோ என்று வாசகர்கள் சொக்கிப்போவார்கள்.

ஓட்டியது அவர் மனைவி தொகிகோ. தனியாக இருக்கும் வயசாளிகளின் வீடுகளுக்கு மதியச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் வேலை. சின்ன வெள்ளை வேன் அவளுடையதுதான். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது ஹிசாவோ சமையலறை மேஜைக்கு முதுகைக் காட்டி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் எங்கோ நூற்றைம்பதில் போய்க்கொண்டிருப்பார். அரிசியைக் களைந்தபடி அவள் ஏதாவது சொல்வாள். அவர் காதில் விழாது. மாதத்தில் நாலைந்து நாள், பத்தியை முடிக்கிற நேரத்தில் மட்டும், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுழல் நாற்காலியை அவள் பக்கம் திருப்புவார்.

"தொகி, மழைல வண்டி வழுக்கறப்ப எப்படி இருக்கும்?"

அவள் அடுப்பைச் சின்னதாக்கி, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்காருவாள்.

"சொல்லிட்டுத்தாங்க வழுக்கும். பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டும். அப்புறம் இன்னொரு ஆட்டு. மூணாவதுலதான் போகும். ரெண்டுக்குள்ள ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிச்சோமா, பொழைச்சோம்." மேஜைமேல் உள்ளங்கையை வைத்து ஆட்டியும் காட்டினாள்.

ஹிசாவோ அதை அப்படியே எழுதினார். யார் சொன்னது என்று எழுதவில்லை. வாசகர்கள் அதற்கு ‘மூன்று ஆட்டம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். புது விளையாட்டு எது வந்தாலும், அதில் மூன்று ஆட்டம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுவார்கள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை வாங்களேன். உங்களையே உக்கார வெச்சுக் காட்டறேன்," என்பாள் தொகிகோ.

"அப்புறம் பாக்கலாம்," என்று அவர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்.

போன இலையுதிர் காலத்தில் அவள் இறந்துபோனாள். கணையத்தில் கட்டி. கண்டுபிடித்த ஆறாவது வாரம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "இந்த மாசம் எந்த ரெண்டு விளையாட்டுங்க?" என்றுதான் கேட்டாள். அவர் பேர் சொன்னார். பாவி மனிதர், வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம்.

ஜூன் மழை பிடித்துக்கொண்ட வாரம் ஒசாகாவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஒரு சின்ன விளையாட்டுக் கம்பெனி, வெளிவராத பந்தய விளையாட்டை அனுப்பியிருந்தது. கூடவே, கார் எப்படித் திரும்ப வேண்டும், எப்படி வழுக்க வேண்டும் என்று அமைக்கும் ஓனிஷி என்பவரின் கடிதம்: ‘இதில் வரும் மழையை உங்கள் பத்தியை வைத்தே செய்தோம். மூன்று ஆட்டமும் உண்டு. நிஜம் போல இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். தப்பிருந்தால் மாற்றிவிடுகிறோம்.’

ஹிசாவோ ஓட்டிப்பார்த்தார். ஈரமான வளைவில் காரின் பின்பக்கம் ஒருமுறை ஆடியது. மறுமுறை ஆடியது. மேஜைமேல் ஆடிய தொகிகோவின் கை கண்முன்னால் வந்து நின்றது. அவர் விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதார். கார் போய் வேலியில் முட்டியது.

சரி, இது நிஜமா? கேட்பதற்கு ஆள் இல்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் வேன் சாவியை எடுத்தார். தொகிகோவோடு வேலை பார்த்த குரோதா என்ற பெண்மணிக்குப் போன் செய்து, மழையில் வேன் எப்படி வழுக்குகிறது என்று தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டுதான் வந்தார்.

மூடிப்போன ஒரு சூதாட்டக் கடையின் காலி வாகன நிறுத்தம். மழை பெய்துகொண்டிருந்தது.

"சீட்டைப் பின்னாடி தள்ளுங்க எழுத்தாளரே. முழங்கால் மூக்குல இடிக்குது."

"இருக்கட்டும்."

தொகிகோ குட்டை. இருக்கை அவள் வைத்த இடத்திலேயே இருந்தது.

முதல் அரைமணி நேரம் வேன் குதித்துக் குதித்து நின்றது. அப்புறம் குரோதா, "இப்ப நாப்பதுல போய், திருப்பிக்கிட்டே பிரேக்கைப் போட்டு மிதிங்க. இங்க இடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார். ஹிசாவோ மிதித்தார். வேன் திரும்பாமல் நேரே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஒரு ஆட்டமும் இல்லை. மறுபடி செய்தார். ஐந்து முறை செய்தார். ஒருமுறைகூட அது சொல்லிவிட்டு வழுக்கவில்லை.

"பின்பக்கம் ரெண்டு தரம் ஆடணுமே. தொகிகோ சொன்னாளே."

"தொகிகோவா? அவ எங்கங்க வழுக்கினா? மழை வந்தா முப்பதைத் தாண்ட மாட்டா. பனி விழுந்தா வண்டியைக் கீழயே நிறுத்திட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறுவா. ஆமைன்னு கூப்பிடுவோம் நாங்க. வழுக்கறதுன்னாலே அவளுக்கு உசிரு போயிடும்."

"அப்ப அந்த மூணு ஆட்டம்?"

குரோதா சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"அது எங்க வீட்டு நாயோட ஆட்டங்க. படுக்கறதுக்கு முன்னாடி இடுப்பை ரெண்டு தரம் ஆட்டிட்டு, மூணாவது தரம் பொத்துன்னு விழும். அதைப் பாத்துட்டு, ‘இதைச் சொல்லிடறேன்’னா. ‘அவரு கேக்கறப்ப ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா, மறுபடி அந்தப் பக்கம் திரும்பிடுவாரு’ன்னு சொல்லுவா. இன்னைக்கு என்னத்தைச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே ஓட்டுவா."

கண்ணாடித் துடைப்பான் ஓடிக்கொண்டே இருந்தது. ஹிசாவோ கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. மழையைப் பற்றிக் கேட்டோம், பிரேக்கைப் பற்றிக் கேட்டோம், டயரைப் பற்றிக் கேட்டோம், அவளைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓனிஷிக்குப் பதில் எழுதாமல் இழுத்தடித்தார். உண்மையைச் சொன்னால் அந்த மழையை எடுத்துவிடுவார்கள். உலகத்தில் தொகிகோவின் கை ஆடிக்கொண்டிருக்கும் இடம் அது ஒன்றுதான். சொல்லாமல் விட்டால் அது ஆயிரம் வீடுகளுக்குப் போகும். ஆனால் அதில் பழகிய ஒருவர் நிஜ மழையில், நிஜ வளைவில், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? அந்த நினைப்பில் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் எழுதினார்: ‘மூன்று ஆட்டம் நிஜமில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.’ அதையே பத்தியிலும் எழுதினார். இத்தனை வருடம் ஏமாற்றினாயே என்று வாசகர்கள் கிழி கிழியென்று கிழித்தார்கள். பத்தி அதோடு நின்றது. ஓனிஷி மட்டும் நன்றி சொல்லி எழுதினார். விளையாட்டு திருத்திய மழையோடு வெளிவந்தது, எல்லோரும் பாராட்டினார்கள்.

ஹிசாவோவிடம் இருப்பது பழைய பிரதி. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் விளையாட்டுப் பெட்டியைப் போட்டவுடன், ‘புதிய திருத்தம் வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாமா?’ என்று திரையில் கேட்கும். ‘அப்புறம்’ என்பதை அழுத்துவார். மழையைத் தேர்ந்தெடுத்து, அந்த வளைவுக்குப் போவார். பின்பக்கம் ஒருமுறை ஆடும். இன்னொருமுறை ஆடும். அங்கேயே விளையாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, நாற்காலியைச் சமையலறை மேஜைப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"தொகி," என்பார். "இன்னைக்கு உனக்கு நாள் எப்படிப் போச்சு?"