பத்து நாள் பொறுத்தால் வந்துவிடும்

ஜிப்பக்காவின் குடும்பத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் யாரும் பதற மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேட மாட்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் பாய மாட்டார்கள். "பத்து நாள் பொறு, வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வெளியாள் பார்த்தால் இது ஏதோ முற்றும் துறந்தவர்களின் வீடு என்று நினைக்கக்கூடும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. எடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

கடைத்தொகுதியின் மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத மூலையில் பை ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள் ஜிப்பக்கா. ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, கழற்றிய ஜிப் ரன்னர்களும் கொக்கிகளும் நிறைந்த பிஸ்கட் டின், இவ்வளவுதான் கடை. முப்பது வருடமாக ஊரில் உள்ள பைகளுக்கெல்லாம் வாய் மூடக் கற்றுக்கொடுத்து வந்ததில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுடைய உண்மையான பெயர் அவள் கணவருக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

கடையில் காசு கொடுத்து வாங்கும் பரிசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்தா அது அலமாரியில போய்த் தூங்கும். தினம் கையில எடுக்கிற பொருளைச் சரி பண்ணிக் கொடுத்தா தினம் நம்மளை நினைப்பாங்க" என்பாள். நியாயமான பேச்சுதான். ஆனால் சரிபண்ணிக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பொருள் முதலில் கைக்கு வர வேண்டுமே? கேட்டு வாங்கினால் அதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? ஆகவே திருடுவாள்.

சொந்தத் தம்பியின் ஷூவில் இடது கால் மட்டும் வாய் பிளந்திருந்தது என்று இடது காலை மட்டும் எடுத்துக்கொண்டு போனவள் அவள். பாவம் அந்த மனிதர், எட்டு நாள் ரப்பர் செருப்போடு அலுவலகம் போய் மேலதிகாரியிடம் கால்வலி என்று புளுகினார். எதிர்வீட்டு டீச்சரின் குடையை எடுத்து, கம்பி மாற்றி, இருட்டில் வண்டிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று ஓரம் முழுக்கப் பளபளக்கும் நாடா தைத்துக் கொடுத்தாள். கணவரின் சாப்பாட்டுப் பை நடக்கும்போதெல்லாம் அவருடைய முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் தூங்கும்போது தோளிலிருந்து இடுப்புவரை அளவெடுத்து, அதன் வாரை நாலு விரல் குறைத்துத் தைத்தாள். எல்லாம் கடையில் மிஞ்சிய துண்டு துணுக்குதான். மனசு மட்டும் புதுசு.

இதற்கு முறைகள் உண்டு. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பாள், கையில் கொடுக்கவே மாட்டாள். பறிகொடுத்தவர் அதைக் கண்டதும், "அட, இங்கேதான் இருந்துச்சா?" என்று வீடு கேட்கச் சொல்ல வேண்டும். ஜிப்பக்கா அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே, "நல்லாத் தேடியிருக்க மாட்டே" என்பாள். நன்றி, கட்டிப்பிடித்தல், கண்ணீர் எதுவும் கிடையாது. அத்தோடு விஷயம் முடிந்தது.

அவளிடமிருந்து மட்டும் யாரும் எதையும் எடுத்ததில்லை. ஊருக்கே தைப்பவளிடம் கிழிந்த பொருள் எது இருக்கப்போகிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. இருந்தது. அவளுடைய மூக்குக் கண்ணாடியின் வலது கால் உடைந்து, இரண்டு வருடமாகக் கறுப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சில இரவுகளில் அவள் வேண்டுமென்றே சாப்பாட்டு மேஜையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் எழுந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒரு பொருள் காணாமல் போகவில்லையே என்று வருத்தப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இந்த வீட்டுக்குத்தான் மருமகள் வந்தாள். ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருக்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். அதிகம் பேச மாட்டாள். பேசினாலும், பிறகு யாராவது எடுத்துக்காட்டிக் கேட்பார்களோ என்பதுபோல அளந்துதான் பேசுவாள். வந்த மூன்றாவது வாரமே ஜிப்பக்காவுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது.

மருமகளிடம் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பென்சில் வைத்துக்கொண்ட பை. ஜிப் போய் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். சீப்பு, தலைவலித் தைலம், அலுவலக அட்டை எல்லாம் அதற்குள் குடித்தனம் செய்தன. ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று அந்த அட்டையைத் துழாவுவாள். துழாவி எடுப்பதற்குள் பஸ் போய்விடும். ஜிப்பக்கா இதை அந்த மூன்று வாரமும் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரு விடுமுறை நாளில் மருமகள் குளிக்கப் போன சமயம் பார்த்து, அவள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பையை நைசாகக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

மகன் தன் மனைவியிடம் வீட்டு வழக்கத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவன் அவன். வலிக்காமல் குத்துவான் என்று பெயர் வாங்கியவனுக்கு வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லும் சாமர்த்தியம் மட்டும் இல்லை. இரண்டு நாள் தனியாகத் தேடிக் களைத்த மருமகள் அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, என் சின்னப் பை ஒண்ணைக் காணோம். வீட்டுக்குள்ளதான் வச்சேன்."

அவனுக்கு வாயெல்லாம் பல். "ஓ, ஆரம்பிச்சாச்சா! பத்து நாள் பொறு, வந்துடும்."

"யாரு எடுத்தாங்க?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது. நம்ம வீட்டுல இது சகஜம். பழகிடும்."

அந்தப் பெண் என்னதான் நினைப்பாள்? இந்த வீட்டில் கை நீளமான ஆள் ஒருவர் இருக்கிறார், எடுப்பார், பத்து நாளில் திருப்பி வைப்பார், வீடே சேர்ந்து மூடி மறைக்கிறது என்று முடிவுகட்டினாள். யார் அந்த ஆள் என்பதும் அவளுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அத்தை கடைக்குப் போய்விடுகிறாள். கணவன் வேலைக்குப் போய்விடுகிறான். பகலெல்லாம் வீட்டில் தனியாக உலாத்துகிறவர் மாமனார் ஒருவர்தான்.

மாமனார் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பொருளை விடுங்கள், அடுத்தவருடைய ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாத மனிதர். அவர் பாட்டுக்குப் பேப்பரைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், மருமகள் சட்டென்று தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தவள், அவரைக் கண்டதும் திரும்பக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் நல்ல பெண், மரியாதை குறையவில்லை. அவருக்கு டீ கொடுக்கும்போது பார்வையில் ஒரு இரக்கம் சேர்ந்துகொண்டது.

"ஏன்டி, நான் வந்தா அந்தப் பொண்ணு எல்லாத்தையும் அள்ளி மடியில கட்டிக்குது?" என்று ஒருநாள் அவர் மனைவியிடம் கேட்டார். "நேத்து வந்து, 'மாமா, எதையும் மனசுல அடக்கி வைக்காதீங்க, டாக்டர்கிட்ட பேசினா எல்லாம் சரியாயிடும்'னு சொல்லுது. எனக்கு என்னடி ஆச்சு?"

ஜிப்பக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் மருமகளின் அலமாரியில் ஒரு பூட்டு தொங்குவதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

புத்தம் புதுப் பூட்டு. முப்பது வருடத்தில் இந்த வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவருக்குப் பயந்து பூட்டு வாங்கியதில்லை. பையோ எப்போதோ தயார். புது ஜிப் போட்டு, உள்ளே அறை பிரித்து, வெளிப்பக்கம் அலுவலக அட்டை அளவுக்கு ஒரு ஜன்னல் வைத்திருந்தாள். புதுச் சட்டைப் பெட்டியின் மேல் வரும் கண்ணாடித் தாளை வெட்டித் தைத்த ஜன்னல். இனிமேல் துழாவ வேண்டாம், பையைக் காட்டினால் போதும். எல்லாம் சரி. ஆனால் எடுத்த இடத்தில் வைக்க வழியில்லை. எடுத்த இடம் பூட்டுக்குள் இருக்கிறது.

பக்கத்துக் கடை சாவிக்காரருக்கு இது இரண்டு நிமிட வேலை. ஆனால், என் மருமகளின் அலமாரியை அவளுக்குத் தெரியாமல் திறக்க வேண்டும் என்று எந்த மாமியார் வாய் திறந்து கேட்க முடியும்? கையிலேயே கொடுத்துவிடலாம் என்றால், பூட்டு தொங்கும் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான்தான் திருடினேன், இந்தா வைத்துக்கொள். நாள் ஒன்பதானது. பையைக் கடையில் போடும் மேலங்கியின் பையில் வைத்துக்கொண்டே சமைத்தாள், கடைக்குப் போனாள், வந்தாள். சனிக்கிழமை மருமகள் வந்து நின்றாள்.

"அத்தை, நாளைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போறேன்."

"போய்ட்டு வாம்மா. எத்தனை நாள்?"

"பார்க்கணும்."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஜிப்பக்கா மேலங்கிக்குள் இருந்த பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பெண்ணைச் சந்தோஷப்படுத்தப் போய், வீட்டை விட்டே கிளப்பிவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள் சோப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். ஜிப்பக்கா கணவரை வாசல் ஜன்னலில் காவல் நிறுத்தினாள்.

"போக ஆறு நிமிஷம், வர ஆறு நிமிஷம், கடையில ரெண்டு" என்றார் டைம்கீப்பர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "பதினாலு நிமிஷத்துக்குக் குறைஞ்சு அந்தப் பொண்ணு வர முடியாது. நீ நிதானமாப் பண்ணு."

பஸ்ஸுக்கு அது சரியான கணக்காக இருக்கலாம். மருமகள் பர்ஸை மறந்துவிட்டாள், பாதி வழியில் திரும்பிவிட்டாள். பின்கட்டு வழியாக வந்ததால் டைம்கீப்பரின் ஜன்னலுக்கு அவள் அகப்படவே இல்லை. அறைக்குள் நுழைந்தால், அலமாரிக்கு முன்னால் மாமியார் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கை பூட்டில் கொக்கி ஊசியை விட்டுக் குடைகிறது. இடது கையில் காணாமல் போன பை. நூலில் தொங்கும் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாசலிலிருந்து மாமனாரின் குரல் வேறு கணீரென்று வருகிறது. "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு!"

கையும் களவுமாக என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மருமகள் பூட்டில் குத்தி நின்ற ஊசியைப் பார்த்தாள். பிறகு, "அப்போ மாமா இல்லையா? நீங்களா?" என்றாள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமேவா?" என்றாள்.

ஜிப்பக்கா திருதிருவென்று விழித்தாள். "நான் எடுக்க வரலம்மா" என்றாள். "திருப்பி வைக்க வந்தேன்."

எந்தத் திருடியும் சொல்லக்கூடிய பதில்தான் அது. ஆனால் மருமகளின் பார்வை பையின் மேல் விழுந்துவிட்டது. வாங்கிப் பார்த்தாள். ஜிப்பை இழுத்தாள், வெண்ணெய் மாதிரி போயிற்று. உள்ளே சீப்பு, தைலம் எல்லாம் அதனதன் அறையில் இருந்தன. வெளி ஜன்னலில் அலுவலக அட்டையிலிருந்த அவள் முகம் அவளையே பார்த்தது. காசு கட்டிப் புது அட்டை வாங்கி, அதையும் இந்த ஒரு வாரமாகத் தினம் துழாவிக்கொண்டிருந்தாள் அவள்.

"தினமும் வாசல்ல நின்னு தேடுறியேன்னு..." என்று ஜிப்பக்கா ஆரம்பித்தாள். தரையிலேயே உட்கார்ந்து, தம்பியின் இடது ஷூவில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க மருமகள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஜிப்பக்கா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அளந்து பேசும் பெண்ணுக்கு அளக்காத சிரிப்பு.

"ஐயோ, மாமாவை டாக்டர்கிட்ட போகச் சொன்னேனே!"

"போகட்டும் விடு. அந்த மனுஷருக்குக் கணக்குப் பார்க்கவாவது ஒரு டாக்டர் வேணும்" என்றாள் ஜிப்பக்கா.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் கேட்டாள். "உங்ககிட்டேர்ந்து யாரு அத்தை எடுப்பாங்க?"

"என்கிட்ட என்ன இருக்கு எடுக்க?" என்று ஜிப்பக்கா எழுந்துகொண்டாள், கொஞ்சம் அவசரமாகவே. நூல்கட்டிய கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

மருமகள் அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமையே திரும்பி வந்தாள். பூட்டு தேங்காயெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

அதற்கு அடுத்த வாரம், ஒரு காலையில் ஜிப்பக்கா மேஜையைத் தடவினாள். கண்ணாடி இல்லை. தலையணைக்கடியில் கைவிட்டாள், அங்கேயும் இல்லை. தேடிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குமேல் அவள் தேடவே இல்லை.

புதுக் கை செய்த தப்பு என்னவென்றால், அந்தக் கண்ணாடி இல்லாமல் ஜிப்பக்காவுக்கு ஊசிக் காது தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். நாலு நாளும் அவள் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். கணவரின் டீயில் உப்பைப் போட்டாள். ஒரு பயணப் பைக்கு ரன்னரைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்தாள். இரண்டாம் நாளே மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, உங்க கண்ணாடி வந்து..." என்று இழுத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லாதே" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள் ஜிப்பக்கா.

சாவிக்காரர்தான் பொறுக்காமல் கேட்டார். "கண்ணாடி எங்க, ஜிப்பக்கா? காலையிலேர்ந்து ஊசியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க."

"காணாமப் போச்சு!" என்றாள் அவள். பேரன் பிறந்திருக்கிறான் என்று சொல்கிற குரலில். படியேறிப் போனவர்கள் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடி மேஜையில், வைத்த இடத்திலேயே இருந்தது. உடைந்த காலுக்குப் புதுக் கால். இரண்டு காலையும் சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. அவளுடைய கடைக் குப்பையில் கிடந்த ஜிப் நாடாவை மடித்து, ஊசி பிடித்துப் பழக்கமில்லாத யாரோ கையால் தைத்திருந்தார்கள். ஜிப்பக்கா அதை மாட்டிக்கொண்டாள். முப்பது வருடமாக மற்றவர்கள் சொல்லக் கேட்ட வரி அது. இப்போது அவளுடைய முறை. இரண்டு தரம் கனைத்துவிட்டு, வீடு கேட்கச் சொன்னாள்.

"அட, இங்கேதான் இருந்துச்சா?"

அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமல் பதில் வந்தது. "நல்லாத் தேடியிருக்க மாட்டீங்க, அத்தை."

கயிற்றின் தையல் இரண்டு இடத்தில் கோணல். ஒரு இடத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜிப்பக்காவுக்குக் கை துறுதுறுக்கும். பிரித்துத் தைக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்றுவரை தைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாராவது, என்னக்கா இது, உங்க கழுத்திலேயே இப்படி ஒரு தையலா என்று கேட்டால், கையை எடுங்க, அதைத் தொடாதீங்க என்கிறாள்.