காலியாகத் தெரிந்த இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. தீப் பயிற்சியின்போது எல்லோரும் அதன் நிழலில் வந்து நிற்க வேண்டும். அன்று பாதுகாப்பு அதிகாரி ஒரு பெயரை இரண்டாம் முறையும் உரக்கக் கூப்பிட்டார். காது கேட்காத ஒருத்தியின் பெயர் அது என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே கணத்தில் உறைத்தது. மாடியில், அளவுப் பரிசோதனை அறையில், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே எச்சரிக்கை விளக்கு மின்னியதை அவள் பார்க்கவில்லை.

அவள் தோளைத் தொட்டு அழைத்து வர ஒரு துணை உண்டு. அந்தப் பெயர், நிறுவனத்தின் கணினி டைரக்டரியில் அவளுக்குரிய பக்கத்தில் இருந்தது. திறந்து பார்த்தோம். அந்தத் துணை வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன.

"இன்னா மேடம் இது," என்றார் சர்வர் அண்ணன். "பேரு கீது. ஆளு இல்லியே."

கணினிப் பிரிவில் என்னோடு பணியாற்றியவர் அவர். சேக்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். சர்வர்களைப் பராமரித்ததால் அந்தப் பெயர். கேன்டீனில் யாராவது "சர்வர், ரெண்டு காபி!" என்று வம்புக்கு இழுத்தால், "சக்கரை தூக்கலா போடட்டா நைனா?" என்று கேட்டு, நிஜமாகவே கொண்டுவந்து வைப்பார்.

அடுத்த பயிற்சியிலும் இப்படி நேர்ந்தால் அவளை வாசலருகே பார்சல் அறைக்கு மாற்றிவிடுவதாக நிர்வாகம் சொன்னது. மயிரிழையின் தடிமனையும் பிரித்துச் சொல்லும் கண் அவளுடையது. செய்தி அறிந்ததும் எங்கள் அறைக்கு வந்து கைபேசியில் ஒரு வரி தட்டிக் காட்டினாள்: "நான் எதையாவது தப்பா அளந்தேனா?" அண்ணன் அதைப் படித்துவிட்டு, மதியம் வரை டைரக்டரியில் அவள் பக்கத்தையே திறந்து வைத்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வெறும் எழுத்தா எழுதி வெச்சோம், அதான் கோளாறு. ஆளு போனா பேரும் தானா போவணும் மேடம். காலியா கீதுன்னு தெரிஞ்சாதான் எவனாச்சும் வருவான்."

டைரக்டரியின் ஸ்கீமாவை, அதாவது ஒவ்வொருவர் பக்கத்திலும் என்னென்ன இடம்பெறலாம் என்று வகுக்கும் அச்சை, அவர் விரிவாக்க நினைத்தார். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு புதிய இடங்கள். அவள் பக்கத்தில் துணையைக் குறித்தால் போதும். துணையின் பக்கத்தில் அவள் பெயர் தானே தோன்றும். துணையின் கணக்கை நீக்கினால் அவள் பக்கம் உடனே காலியாகும். காலியானதும் எங்களுக்கு எச்சரிக்கை வரும். ஒரே சிக்கல்: ஸ்கீமாவில் சேர்த்ததை நீக்க முடியாது, எல்லாக் கிளைகளிலும் நிலைத்துவிடும். ஒப்புதல் தர வேண்டியவள் நான். தயங்கினேன்.

"மூடி வெக்கலாம், தூக்கிப் போட முடியாது. பச்ச குத்துற மாரி," என்றார். "அதான் ரெண்டு தபா பாத்துட்டுக் குத்தலாம்கிறேன்."

முதலில் தனியாக ஒரு சோதனைச் சர்வரில் செய்து பார்த்தோம். இரண்டு இடங்களையும் பிணைக்கும் எண்ணை, அவற்றை உருவாக்கும்போதே தர வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை. அண்ணன் அதைத்தான் மறந்தார். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே கிடந்தன. நெற்றியில் அறைந்துகொண்டு, தம்மைத் தாமே நல்ல சென்னைத் தமிழில் திட்டிக்கொண்டார். மெய்யான சர்வரில் செய்தபோது அவர் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். நான் திரையோடு ஒப்பிட்டுத் தலையசைத்தேன்.

அடுத்த பயிற்சி எப்போது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அது நடந்த அன்று காலையில்தான், நாங்கள் அவளுக்குக் குறித்திருந்த புதிய துணை வேறு கிளைக்கு மாறிப்போனதால் இங்கே அவர் கணக்கு நீக்கப்பட்டது. அவள் பக்கம் காலியாகி எச்சரிக்கை வந்தது. வேறு ஆள் கிடைக்கும் வரை அண்ணன் தம் பெயரையே எழுதினார். மாடிக்குப் போய், எதிரே இருந்த சர்வர் அறையைக் காட்டி, அங்கேதான் இருப்பேன் என்று சைகையில் சொல்லிவிட்டும் வந்தார்.

சங்கு ஊதியது. மரத்தடியில் நின்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் வரவில்லை, அவரும் வரவில்லை. வராதவர்களைக் குறிக்க அதிகாரி பேனாவைத் திறந்தார். அப்போது அவள் வந்தாள், அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தபடி.

சர்வர் அறையின் விசிறி இரைச்சலில் அவருக்குச் சங்கே கேட்கவில்லை. நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்த அவள், மின்னும் விளக்கைக் கண்டாள். துணை வராததையும் கண்டாள். படி இறங்காமல் எதிர் அறைக்குப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள்.

"அண்ணாத்தே, யாரு யார இட்டாந்தது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"கண்ணாலதான் பாத்தியே மாமே, அப்பால இன்னா கேள்வி?" என்றார் அவர், மூச்சு வாங்க.

அதிகாரி இருவரும் வந்ததாகக் குறித்துக்கொண்டார். சர்வர் அறையிலும் ஒரு விளக்கு மாட்டச் சொன்னார். பார்சல் அறைப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. சில நாள் கழித்து அவளுக்கு வேறொரு துணை கிடைத்தபோது, அவள் மறுத்து எழுதினாள்: "இவரே இருக்கட்டும். நான் போய்க் கூட்டிட்டு வந்துக்கிறேன்." அண்ணன் சிரித்தார். அன்றே தம் பக்கத்தில், துணைக்கான இடத்தில், அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

சென்ற மாதம் அவர் வேறு ஊரில் பெரிய வேலைக்குப் போனார். கணக்கை நீக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. பொத்தானை அழுத்தினேன், அவள் பக்கத்தில் அவர் பெயர், அவர் வகுத்தபடியே, தானாக மறைந்தது. காலி இடத்துக்கான எச்சரிக்கை என் திரைக்கே வந்தது. பிறகு என் பெயரை எழுதிவிட்டு மாடிக்குச் சென்று அவளிடம் காட்டினேன்.

படித்தாள். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கைபேசியை எடுத்துத் தட்டினாள்:

"நீங்க எந்த ரூம்ல இருப்பீங்க?"