‘வர்றேங்க’வுக்கு ஆகும் செலவு

பூண்டியில் பூண்டு விவசாயிகள் நடத்தும் சங்கத்தில் சத்தியபிரியாவுக்குக் கணக்கர் வேலை என்று பேர். ஆறு வருஷமாக அவள் பார்த்ததென்னவோ போனுக்குப் பதில் சொல்லும் வேலைதான். வடுகபட்டிச் சந்தையில் இன்றைக்கு என்ன விலை, லாரி எத்தனை மணிக்கு, சாக்கு இருக்கா? ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேர். வீட்டுக்குப் போனால் மகளோடு பேசக் குரல் இருக்காது.

அதனால்தான் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் ஏஐ சேவையை வாங்க வைத்தாள். செலவுத் திட்டம் போட்டவளும் அவளே. போகிற வருகிற எழுத்தையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். தமிழ் என்றால் துண்டு அதிகம். அதையும் சேர்த்தே போட்டாள். ஆளுக்கு இரண்டு கேள்வி, இரண்டு பதில், மாதம் மூவாயிரம் ரூபாய்.

முதல் மாத பில் பதினோராயிரம்.

“இன்னும் ஒரு மாசம் பாப்பேன். மூவாயிரத்தத் தாண்டுச்சுன்னா மூடிருவோம். முந்தி மாதிரி நீயே பேசிக்கம்மா,” என்றார் தலைவர் பொன்னுவேல். அவருக்கென்ன, பேசப் போவது அவர் தொண்டையா?

எரிச்சலோடு உட்கார்ந்து உரையாடல்களைப் படித்தாள். பிச்சையா என்ற விவசாயி கேட்டது ஒரே கேள்வி. விலை வந்ததும் “சரிங்க, வர்றேங்க” என்று விடைபெற்றிருக்கிறார். ஏஐ விட்டதா? “மிக்க மகிழ்ச்சி! எப்போது வருகிறீர்கள்?”

“இல்லீங்க, சொல்லிட்டுப் போறேன்.”

“எங்கே போகிறீர்கள்?”

“காட்டுக்குங்க.”

மனுஷன் சொன்னது தன் பூண்டுக் காட்டை. வந்ததோ, காட்டெருமை எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். அதற்கும் பிச்சையா மரியாதை தவறாமல், “ரொம்ப சந்தோசங்க, அப்ப வர்றேங்க.” மறுபடியும் எப்போது வருகிறீர்கள்! பார்த்தால் எல்லோரும் இப்படித்தான். சத்தியபிரியா தலையில் அடித்துக்கொண்டாள். விலை கேட்க ஆனது கால்வாசி. விடைபெற ஆனது முக்கால்வாசி.

சேவைக்காரர்களிடம் சொல்லி, ‘வர்றேங்க’ வந்தால் வாயை மூடிக்கொள்ளும்படி மாற்ற வைத்தாள். மறுநாள் வெள்ளனே பிச்சையாவே போன் அடித்தார்.

“ஏந்தாயி, மிஷினுக்கு எம்மேல எதும் கோவமா? வர்றேன்னேன், வாயே தொறக்கல. சொல்லாமப் போக மனசு ஒப்பல. அதான் ஒங்ககிட்டச் சொல்லிக்கிறேன். வர்றேன் தாயி.”

“போயிட்டு வாங்கண்ணே.”

அன்று மட்டும் அறுபத்திரண்டு பேர் அவளிடம் விடைபெற்றார்கள். அழுகையே வந்துவிட்டது.

அந்த மாத பில் இரண்டாயிரத்து எண்ணூறு. பொன்னுவேலுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. சத்தியபிரியா நீட்டிய அடுத்த மாதத் திட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கடைசி வரியில் ‘போயிட்டு வாங்க: ஐநூறு ரூபாய்’ என்றிருந்தது.

“இதென்னம்மா தண்டச் செலவு? ஒரு வார்த்தைக்கு ஐநூறா?”

“அந்த ஒரு வார்த்தைய இப்ப நான் சொல்லிக்கிட்டு இருக்கேன் தலைவரே. சோலி எதுவும் ஓடல.”

“சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ?” அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு எழுந்தார். “சரிம்மா, வர்றேன்.”

சத்தியபிரியா தலையை நிமிர்த்தவில்லை.

ஒரு காலில் செருப்பு மாட்டியவர் மற்றதை மாட்டாமல் நின்றார். “வர்றேம்மா.”

அவள் பில்லை மடித்து ஃபைலில் வைத்தாள்.

“என்னம்மா இது, மனுசன் சொல்லிட்டுப் போறான், கல்லு மாதிரி கெடக்க?”

“அதுக்குத்தாங்க அந்த ஐநூறு,” என்று பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.